சித்தப்பா வீட்டு வாசலில் வேப்பிலை

எங்கள் தீவில், பா டவுனில் நீங்கள் எந்தச் சுவரில் சாய்ந்து நின்றாலும், இரண்டுக்கு ஒன்று என் யார்டில் வார்த்த சிமென்ட் கல்லாகத்தான் இருக்கும். வரதோலிக்குப் போய் கல்லுக்கார அம்மா வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்து, கோயில் வகுப்பில் படித்தது. இங்கிலீஷ், லாரி டிரைவர்களைத் திட்டித் திட்டிப் பழகியது. என் யார்டில் கணக்குப் பார்க்கிற பையன் யூனிவர்சிட்டி முடித்தவன். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு எத்தனை கல் என்று இன்னமும் என்னைத்தான் கேட்கிறான்.

இந்தத் தொழிலில் என்னை ஏமாற்றியவர் யாரும் இல்லை. அதற்கு ஒரு கதைப் புத்தகம் காரணம் என்றால் நம்ப மாட்டீர்கள். நான் படித்த புத்தகம் இல்லை. அக்கா படித்துச் சொல்ல, நான் காதால் கேட்டது. அதில் ஒரு பெண் பிள்ளை வருவாள், என் வயசு. அவள் சொல்லுவாள்: ஒருத்தர் மேல் சந்தேகம் வந்தால் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்காதே, வழக்கமாகச் செய்வதில் எதை விட்டுவிட்டார் என்று பார். டீசல் விலையைத் திட்டாமல் ஒரு டிரைவர் சாவியை மாட்டிவிட்டுப் போனால், அன்றைக்கே நான் டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்துவிடுவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த முதல் கலகம் நடந்த வருஷம் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. ரராவாய் சர்க்கரை மில்லுக்கு அந்தப் பக்கம், கரும்புக்கு நடுவில் எங்கள் தகர வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் சித்தப்பா வீடு. அக்கா ஹைஸ்கூலில் இருந்தாள். பள்ளிக்கூட லைப்ரரியில் பிள்ளைகளுக்கென்று எழுதிய நாவல் ஒன்றை எடுத்துவந்து, சாயங்காலத்தில் எனக்கும் சித்தப்பாவின் மகளுக்கும் பாதித் தமிழ், பாதி ஹிந்தியில் சொல்லுவாள்.

எங்கேயோ ஒரு கிரகம். அங்கே கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஒரு நகரம். வெளியே போனால் மூச்சு விட முடியாது. நமக்குத் தண்ணீர் வருகிற மாதிரி அவர்களுக்குக் காற்று குழாயில் வீட்டுக்கு வீடு வரும், அதற்கு மீட்டரும் உண்டு. ஒரு காலையில் காவல் படைத் தலைவன் முகமூடி போட்ட ஆட்களோடு சபைக்குள் நடந்துவந்து, பேசிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வரிசையாக வெளியே கூட்டிப்போகிறான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சபை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் தெருவில் யார் என்ன பேசினாலும் மறுநாள் காவல் படைக்குத் தெரிந்துவிடுகிறது. தெருவுக்குள்ளேயே ஒரு ஒற்றன். அது யார் என்பதுதான் கதை.

அக்கா இந்த இடத்துக்கு வந்த அதே வாரம், தலைநகரம் சுவாவில் முகமூடி போட்ட ஆட்கள் பார்லிமென்ட்டுக்குள் நடந்துபோனார்கள். ரேடியோவில் பேச்சு நின்று வெறும் பாட்டாக ஓடியது. அப்பா புத்தகத்தைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். அவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துக்கூட வராது.

"இத எழுதினவனுக்கு எப்படி முன்னாடியே தெரியும்?"

"அது வேற கிரகம்பா. சும்மா கதை."

"எந்தக் கிரகமா இருந்தா இன்னா, நடந்துச்சா இல்லியா?"

அம்மா அதற்கும் மேலே போனாள். பட்டாளத்துக்காரன் வீட்டைச் சோதித்தால் இதை எப்படிக் காட்டுவது என்று, புத்தகத்தை மாவு டின்னுக்குள் புதைத்துவைத்தாள். சாயங்காலம் வந்தால் அக்கா அதை வெளியே எடுத்துத் தட்டுவாள். முகமெல்லாம் வெள்ளையாகி உட்கார்ந்து கதை சொல்லுவாள். பெரியவர்கள் கேட்காத மாதிரி நங்கோனா என்கிற போதை வேர்த்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கதை ருசியான இடத்துக்கு வந்தால் கிண்ணம் பாதி வழியில் நின்றுவிடும்.

நங்கோனா குடிக்க வருகிறவர்களில் சிர்தார் மாமா ஒருவர். கரும்பு வெட்டுகிற எங்கள் கேங்குக்கு அவர்தான் தலைவர். உறவு கிடையாது, மரியாதைக்கு மாமா. மீசையைவிட வாய் பெரியது. எங்களை ஹிந்தியில் பேட்டி, மகளே என்றுதான் கூப்பிடுவார். "அரே பேட்டி, அந்தக் காட்டிக் கொடுக்கற பயல் யாருன்னு தெரிஞ்சிச்சா?" என்று அக்காவைக் கேட்பார். "இன்னும் இல்ல மாமா" என்றால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். கதையில் இருக்கிறவன் எங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறான் என்பது போல.

அவர் பார்வைக்குக் காரணம் இருந்தது. பட்டாளத்தை எதிர்த்து அந்த வருஷம் கரும்பு வெட்டுவதில்லை என்று குடியானவர்கள் நிறுத்திவைத்திருந்தார்கள். மில் புகைபோக்கி சும்மா நின்றது. எங்கள் கேங் கோயிலில் கற்பூரத்தின் மேல் கையடித்திருந்தது: ஒருவனும் வெட்டக் கூடாது, ஒருவனும் ஊரை விட்டு ஓடக் கூடாது. ஒருவன் விமானம் ஏறினால் அவனுக்குப் பின்னால் பத்துப் பேர் ஏறுவார்கள், அப்புறம் இங்கே நிற்பதற்கு யார் என்பது சிர்தார் மாமாவின் பேச்சு. பக்கத்துக் கேங்கில் ஒருவர் ரகசியமாகக் கிளம்பியபோது ஏர்போர்ட் ரோட்டிலேயே மடக்கி, பெட்டியோடு திருப்பிக் கூட்டிவந்தார்கள். அவருடைய கரும்பு அந்த வாரமே எரிந்தது. பற்றவைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

நான் என் ஒற்றனைத் தேட ஆரம்பித்தேன். கதையில் வந்த பெண்ணுக்கு முடிகிறது எனக்கு முடியாதா? விட்டுவிட்டதைப் பார் என்று அவள் சொன்னபடி பார்த்தால், சந்தேகம் சித்தப்பாவிடம் வந்து நின்றது.

சித்தப்பா வாய்க்கால் வரப்புக்காகப் பக்கத்து நிலத்துக்காரரோடு நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே சண்டை போடுகிறவர். அந்த மாதம் அந்த ஆள் ஒரு முழம் உள்ளே வந்து மண்வெட்டி போட்டும் சித்தப்பா வேலியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். கூரைத் தகரம் ஒன்று காற்றில் கழன்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆணி அடிக்கவில்லை. கத்தரி நாற்று விடவில்லை. நங்கோனாத் தூளைக் கட்டாக வாங்குகிறவர் சின்னப் பொட்டலமாக வாங்கினார். காளை ஜோடியை எங்கள் கொட்டகையில் கட்டிவிட்டு, "கொஞ்ச நாளு உங்கிட்டயே இருக்கட்டும்ணே" என்றார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. மாட்டின் முதுகைத் தட்டி உள்ளே ஓட்டிக்கொண்டார். அதையும் நான் குறித்துக்கொண்டேன், மனசுக்குள்.

அதற்குள் அக்காவும் ஒரு காரியம் செய்தாள். ஒற்றன் யார் என்று தெரிய இரண்டே அத்தியாயம் இருக்கும்போது, புத்தகத்தைச் சித்தப்பா மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"லைப்ரரிப் புத்தகமாச்சே அக்கா, நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன்.

"தொலஞ்சிபோச்சின்னு சொல்லுவேன். போடி உன் வேலையப் பாத்துக்கினு."

மாவு படிந்த ஒரு பக்கத்தை மடக்கி அடையாளம் வைத்து, இரண்டு பேரும் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்கள். கள்ளிகள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டு. எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நடக்கிறவர்கள் மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வாயில் பொய் வரக் கூடாது. முதல் காப்பு அப்பாவுக்கு. தீக்குழியில் முதல் காலும் அவருடையதுதான். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உள்ள மரியாதை அது. பூசாரி அப்பாவுக்குக் கட்டினார். பிறகு அப்பா மற்றவர்களுக்குக் கட்டிக்கொண்டே வந்தார்.

சித்தப்பா முறை வந்தது. அவர் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இன்னா சின்னவனே, கைய நீட்டு" என்றார் சிர்தார் மாமா.

சித்தப்பா நீட்டவில்லை.

"வருசா வருசம் முண்டியடிச்சிக்கினு வருவ. இந்த வருசம் இன்னா வந்துச்சி? எங்கனா போறியா?"

பம்பை அடிக்கிறவர் நிறுத்திவிட்டார். கட்டிக்கொண்டவர்கள், கட்டிக்கொள்ள நிற்கிறவர்கள் எல்லாரும் சித்தப்பாவின் தோளைப் பார்த்தார்கள், அந்தத் தோளுக்குப் பின்னால் இருக்கிற கை தெரியும் என்பது போல. அப்பா மஞ்சள் நூலை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். அம்மன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அவன் கட்டக் கூடாது. அவன் வூட்ல அம்மா வந்திருக்கா. பெரிய புள்ளைக்கு. இன்னிக்கிதான் முத்து போட்டுச்சி."

எங்கள் ஜனத்தில் அம்மை போட்டால் நோய் வந்தது என்று சொல்வதில்லை, அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வது. வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அந்த வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது, அங்கிருந்து யாரும் வரக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்புகிற வரைக்கும் அந்தப் பக்கம் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை. சிர்தார் மாமா பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். எல்லாரும் வழி விட்டார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு கோயிலை விட்டு நடந்தார்.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்தப் பெரிய புள்ளை, சித்தப்பா மகள், என்னோடு கொய்யா பறித்தாள். கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது அவள் முகம். முத்தாவது ஒன்றாவது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பாதித் தகவலை வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை நான்; அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மறுநாளிலிருந்து மத்தியானம் தோறும் அப்பா ஒரு செம்பில் இளநீரும் ஒரு கொத்து வேப்பிலையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். காப்புக் கட்டினவன் அம்மை வீட்டுக்குப் போகலாமா என்று சிர்தார் மாமா கேட்டதற்கு, "அவகிட்டதான போறேன்" என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார். நான் கரும்புக்குள் புகுந்து பின்னாலேயே போனேன். வெட்டாத கரும்பு தலைக்கு மேல் காய்ந்து நின்றது. சோகை இலை கையைக் கீறியது, பொறுத்துக்கொண்டேன்.

சித்தப்பா வீட்டுப் பின்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்திருக்கும். அதன் வழியாகப் பார்த்தேன். வீட்டில் ஆள் இல்லை. கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. சுவரில் சாமி படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அப்பா சீமெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து இளநீரைத் தானே குடித்தார். பிறகு எழுந்து, வெளியே கேட்கிற மாதிரி, "கஞ்சி குடிச்சாளா? சரி. சொறியவுடாத. கதவச் சாத்திக்க" என்று யாருமில்லாத அறையைப் பார்த்துச் சொன்னார். கோழிகளைத் திறந்துவிட்டார். பழைய துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டார். ரோட்டில் போகிறவர்களுக்கு அது துவைத்த துணி.

சித்தப்பா குடும்பத்தோடு ஏர்போர்ட் இருக்கிற நாடி டவுனில் சித்தியின் அக்கா வீட்டில் இருந்தார் என்பதும், சித்தியின் அண்ணன் ஏற்பாட்டில் சிட்னிக்குக் கிளம்பும் விமானத்துக்காக அங்கே கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் இரண்டு முடிவுக்கு வந்தேன். சித்தப்பா ஒற்றன், மாட்டிக்கொள்வோம் என்று ஓடிவிட்டார். அப்பா அவருக்குக் கையாள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நிற்கவில்லை.

"ஏய், கதையில ஒற்றனைக் கண்டுபிடிச்சா என்னா செய்வாங்க, நெனப்பு இருக்கா?"

"அவன் வீட்டுக்குப் போற காத்துக் குழாய மூடுவாங்க."

"நீ யாரு வீட்டுக் குழாய மூடப் போற? சொல்லு, மூடிட்டு வரலாம்."

அவளையும் என் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மாவும் இரண்டு ஜோடிக் காளையும்தான்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, கடைக்குப் போகிற வழியில் சிர்தார் மாமா சைக்கிளை என் முன்னால் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து இனிப்பு ஒன்றை எடுத்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னா பேட்டி, சித்தப்பா வூட்டுப் புள்ளைக்கு எப்பிடி இருக்கு?"

"இருக்கு மாமா."

"உன் சித்தப்பன் இருமறது கேக்குது, பேசறது கேக்க மாட்டேங்குது. நீ எட்டிகிட்டிப் பாத்தியா?"

சித்தப்பா வீட்டில் யாருமே இல்லாதபோது இவருக்கு இருமல் எப்படிக் கேட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் ஒன்றும் தெரியாது, என் வாயைக் கிண்டிப் பார்க்கிறார். இதே வித்தையை இப்போது என்னிடம் மணல் விற்க வருகிறவர்கள் செய்கிறார்கள். நான் ஒருத்தி கண்டுபிடித்ததை, வேறு ஒருத்தர் ஒரு மிட்டாய்க்குத் தட்டிக்கொண்டு போவதா? வழக்கை முழுசாக முடித்து, கோயிலில் எல்லார் முன்னாலும் நானே சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஒரு நூல்கூட விடுவதில்லை என்று நின்றேன்.

"முகமெல்லாம் முத்து மாமா. எங்கப்பா சொன்னாரு, மொதத் தண்ணியே இன்னும் ஊத்தலயாம். அந்தப் பக்கம் போனவங்களுக்கும் போடுதாம். உங்க கழுத்துல என்னா செவப்பா?"

சிர்தார் மாமா கழுத்தைத் தடவிக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். இனிப்பு அவர் கையோடு போய்விட்டது. பரவாயில்லை, இன்றைக்கு நான் நினைத்தால் மிட்டாய்க் கடையையே வாங்குவேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, கோயில் வாசலில் தீக்குழிக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தபோது மேலே விமானம் போனது. எல்லாரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் விறகைக் கையில் வைத்தபடி அது புள்ளியாகி மறைகிற வரைக்கும் நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீமிதி நாள். ஆற்றில் முழுகி, மஞ்சள் உடுத்தி, பம்பையும் உடுக்கையும் முன்னால் போக, ஈர உடம்போடு வரிசை வந்தது. குழி சிவப்பாகக் கிடந்தது. வரிசைக்கு முன்னால் அப்பா. பூசாரி எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜனம் குலவையிட்டது. அப்பா குழியின் விளிம்பு வரைக்கும் வந்தார். பாதத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் தணல். அங்கே நின்றார்.

பம்பை உச்சத்துக்குப் போய் இறங்கி, மறுபடி உச்சத்துக்குப் போனது. அப்பா கையைக் கூப்பினார். கூப்பிய கையோடு ஒரு பக்கமாக விலகி, சிர்தார் மாமாவுக்கு வழி விட்டார்.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. சிர்தார் மாமா ஒரு நொடி விழித்துவிட்டு, அம்மா என்று கூவிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கிக் கடந்தார்கள். அப்பா கரையிலேயே நின்றார். கடைசி ஆளும் கடந்த பிறகு மணிக்கட்டிலிருந்த காப்பைத் தானே அவிழ்த்து, குழியின் ஓரத்தில் வைத்துவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லார் நடுவிலும் நடந்து வீட்டுக்கு வந்தார். பயந்துட்டான் என்று ஒருவர் சொன்னார். உடம்பு சுத்தமில்ல போலிருக்கு என்றார் இன்னொருவர். இவனும் பட்டாளத்துப் பக்கத்து ஆளோ, அதான் அம்மா இறங்கவிடல என்று மூன்றாவது குரல். நான் அந்த மூன்றாவது குரலோடு இருந்தேன்.

சித்தப்பா சிட்னியில் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிவதற்குள் இரண்டாவது கலகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒருவராகக் கிளம்பினார்கள். யாரை யார் மடக்குவது? சிர்தார் மாமாவின் மூத்த மகனே அந்த வருஷம் கனடா போனான். முதல் காப்பு மட்டும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. யாரும் பிடுங்கவில்லை, அப்பா கேட்கவும் இல்லை. சாகிற வரைக்கும் தீமிதி நாளில் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்துவிட்டு வருவார்.

தீமிதிக்கு மறுநாள் காலையில் நான் அவரையே நேராகக் கேட்டேன். வழக்கு என்றால் கடைசியில் ஆளைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"ஏம்பா நேத்து நடக்கல?"

அவர் மாட்டுக்குக் கரும்புச் சோகை நறுக்கிக்கொண்டிருந்தார். "கால்ல முள்ளு குத்திக்கிச்சி" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்துத் தூங்கிப்போனார். நான் மெல்லப் போய் அவர் கால்மாட்டில் குந்தி, இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்த்தேன். கரும்புக் காட்டில் வெடித்த குதிகால். அடியில் காய்த்துப்போன தோல். கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று. விரலுக்கு நடுவில் எல்லாம் தடவிப் பார்த்தேன். முள் இல்லை. முள் எடுத்த புள்ளிகூட இல்லை.

பொய் என்று ஆதாரத்தோடு பிடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அடுப்படிக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் தூக்கம் கலையாமல் பாதத்தைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொய் சொன்னவரின் காலை அவள் எதற்காகக் கும்பிடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.